'அப்லே', 'அபெல்': பிரெஞ்சு வினைச்சொற்கள் உருமாறுவது ஏன்?

பிரெஞ்சு கற்கத் தொடங்குபவர்கள் முதல் வகுப்பிலேயே ஒரு கேள்வியையும் அதற்கான பதிலையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். உங்கள் பெயர் என்ன என்று கேட்க 'கொமான் வூஸ் அப்லே வூ?'. என் பெயர் கவிதா என்று சொல்ல 'ஜ மபெல் கவிதா'.

கேள்வியில் 'அப்லே', பதிலில் 'அபெல்'. இரண்டும் ஒரே வினைச்சொல்தான். கூப்பிடுவது என்று பொருள். ஆனால் கேள்வியில் 'ப்' என்ற ஒலிக்கும் 'ல்' என்ற ஒலிக்கும் நடுவே உயிரொலியே இல்லை. பதிலில் அதே இடத்தில் தெளிவான ஓர் 'எ' கேட்கிறது. எழுதும்போதும் மாறுகிறது: கேள்வியில் 'எல்' என்ற எழுத்து ஒருமுறை, பதிலில் இருமுறை. முதல் நாளில் இதை யாரும் கவனிப்பதில்லை. பல வாரங்கள் கழித்துப் பாடப்புத்தகத்தில் 'உருமாறும் வினைகள்' என்று ஓர் அத்தியாயம் வரும். அதில் நான்கைந்து பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு விதி, விதிக்குக் கீழே விலக்குகள். மாணவர்கள் பலர் மிரளும் இடம் அது.

மிரளத் தேவையில்லை. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தின் வெவ்வேறு முகங்கள். அந்தக் காரணம் எழுத்தில் இல்லை, ஒலியில் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையைக் கண்ணால் மட்டும் படிக்காமல், உதாரணங்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

அதற்கு முன் ஒலிபெயர்ப்பு பற்றிச் சில குறிப்புகள். பிரெஞ்சு ஒலிகள் பலவற்றுக்குத் தமிழில் நேரான எழுத்து கிடையாது. 'நான்' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை இங்கே 'ஜ' என்று எழுதுகிறேன். பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கம் செய்பவர்கள் அந்த ஒலிக்கு 'ழ' போடுவதும் உண்டு. 'ழான்' போன்ற பெயர்களை அப்படி அச்சில் பார்த்திருப்பீர்கள். 'ஓன்', 'ஆன்' என்று முடியும் இடங்களில் கடைசி 'ன்' மூக்கொலியாக மட்டும் நின்றுவிடும், நாக்கு மேலே தொடாது. நெடில் 'ஏ' போட்டிருக்கும் இடத்தில் வாயைக் குறுக்கிச் சொல்ல வேண்டும். குறில் 'எ' வரும் இடத்தில் கொஞ்சம் திறந்து சொல்ல வேண்டும். பிரெஞ்சு எழுத்துகளைக் குறிப்பிடும்போது நமக்குப் பழகிய ஆங்கிலப் பெயர்களையே சொல்கிறேன்: ஈ, எல், டி, ஒய்.

முதலில், உருமாறாத ஒரு வினை

பேசுவதற்கான சொல் 'பார்லே'. எழுதும்போது கடைசியில் ஈ, ஆர் என்ற இரண்டு எழுத்துகள் வரும். பிரெஞ்சு வினைகளில் மிகப் பெரிய கூட்டம் இப்படி முடிவதுதான். அந்த இரண்டு எழுத்தையும் நீக்கினால் மிஞ்சுவது வினையடி. அதோடு ஆளுக்கேற்ற விகுதியைச் சேர்க்க வேண்டும்:

ஜ பார்ல் (நான் பேசுகிறேன்)
த்யூ பார்ல் (நீ பேசுகிறாய்)
இல் பார்ல் (அவன் பேசுகிறான்)
நூ பார்லோன் (நாம் பேசுகிறோம்)
வூ பார்லே (நீங்கள் பேசுகிறீர்கள்)
இல் பார்ல் (அவர்கள் பேசுகிறார்கள்)

ஆறு வடிவங்களில் நான்கு காதுக்கு ஒன்றாகவே ஒலிக்கின்றன. எழுத்தில் அப்படி இல்லை. 'நான்' வடிவத்தில் ஈ, 'நீ' வடிவத்தில் ஈ, எஸ், 'அவர்கள்' வடிவத்தில் ஈ, என், டி என்று விகுதிகள் இருக்கின்றன. ஆனால் அவை எவற்றுக்கும் ஒலி கிடையாது. 'நாம்' வடிவத்தின் 'ஓன்' விகுதிக்கும் 'நீங்கள்' வடிவத்தின் 'ஏ' விகுதிக்கும் மட்டும்தான் ஒலி உண்டு.

தமிழில் 'பேசுகிறேன்' என்றாலே பேசுவது யார் என்று தெரிந்துவிடும், 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு விகுதிகள் ஒலியிழந்துவிட்டதால் எழுவாயை விட முடியாது. 'பார்ல்' என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு நானா, நீயா, அவனா என்று தெரியாது. நம்மவர்கள் பிரெஞ்சு பேசும்போது பழக்கத்தில் எழுவாயை விழுங்கிவிடுவது எனக்குத் தெரிந்து அடிக்கடி நடக்கிறது. இதைத் தொடக்கத்திலேயே திருத்திக்கொள்வது நல்லது.

ஒலியுள்ள விகுதி இரண்டு, ஒலியில்லாத விகுதி நான்கு. இனி வரப்போகும் எல்லாம் இந்தப் பிரிவினையிலிருந்துதான் பிறக்கின்றன.

அழுத்தம் எங்கே விழுகிறது

பிரெஞ்சில் ஒரு சொல்லைத் தனியாகச் சொன்னால் அழுத்தம் எப்போதும் கடைசியாக ஒலிக்கும் அசையில் விழும். 'பார்லோன்' என்றால் 'லோன்' என்ற அசையில். விகுதிக்கு ஒலி இருப்பதால் அழுத்தத்தை அது வாங்கிக்கொள்கிறது. 'பார்ல்' என்றால்? விகுதி மௌனமாகிவிட்டதால், அழுத்தம் பின்வாங்கி வினையடிக்கு வந்துவிடுகிறது. 'பார்' என்ற அசை திடமானது, அதில் எந்தச் சிக்கலும் இல்லை. எனவே இந்த வினை உருமாறாமல் தப்பிக்கிறது.

எல்லா வினையடிகளுக்கும் அந்தத் திடம் கிடையாது. பிரெஞ்சில் மெலிந்த உயிரொலி ஒன்று உண்டு. ஈ என்ற எழுத்து மேலே எந்தக் குறியும் இல்லாமல், பின்னால் ஒற்றை மெய்யும் உயிரும் வரும்படி நின்றால் பெரும்பாலும் அந்த ஒலிதான். 'ஜ', 'ல' போன்ற குட்டிச் சொற்களில் கேட்பதும் அதே ஒலி. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது, நம்மிடம் குற்றியலுகரம் இருக்கிறது. 'காடு', 'பாட்டு' என்ற சொற்களின் கடைசி உகரம் முழுமையாக ஒலிப்பதில்லை. அடுத்து உயிரெழுத்து வந்தால் அது கெட்டே போய்விடும்: காடு, எல்லாம் சேர்ந்தால் காடெல்லாம். பிரெஞ்சின் மெலிந்த உயிரும் இப்படித்தான். 'ஜ' என்ற சொல்லுக்குப் பிறகு 'அபெல்' வந்தால் 'ஜபெல்'. சொல்லின் நடுவில் இருந்தாலும், வேகமாகப் பேசும்போது காணாமல் போகும். இரண்டு ஒலிகளும் ஒன்றல்ல. ஆனால் அவற்றின் குணம் நெருக்கமானது.

வினையடியின் கடைசி உயிராக நிற்கும்போது இந்த மெலிந்த உயிரால் அழுத்தத்தைத் தாங்க முடியாது. அழுத்தம் அதன் மேல் வந்து விழுந்தால் அது திறந்த 'எ' என்ற முழு உயிராக மாறியே ஆக வேண்டும்.

வாங்குவதற்கான சொல்லில் இதைப் பார்க்கலாம். அதன் மூல வடிவம் 'அஷ்தே'. எழுத்தில் 'ஷ்' ஒலிக்குப் பிறகு ஓர் ஈ இருக்கிறது, பேச்சில் அது விழுந்துவிடுகிறது.

ஜஷெத் (நான் வாங்குகிறேன்)
த்யூ அஷெத்
இல் அஷெத்
நூஸ் அஷ்தோன்
வூஸ் அஷ்தே
இல்ஸ் அஷெத்

'நாம்', 'நீங்கள்' வடிவங்களில் விகுதி ஒலிக்கிறது, அழுத்தத்தை அது வாங்கிக்கொள்கிறது, உள்ளே இருக்கும் ஈ மெலிந்து மறைகிறது. மற்ற நான்கிலும் விகுதி மௌனம், அழுத்தம் அந்த ஈ மேல் வந்து இறங்குகிறது, அது 'எ' ஆகிவிடுகிறது. எழுதும்போது இதைக் காட்ட, ஈ எழுத்தின் தலையில் இடமிருந்து வலமாகக் கீழே சரியும் ஒரு கோடு போடுவார்கள். பிரெஞ்சில் அதற்கு 'அக்சான் கிராவ்' என்று பெயர். ஆக, அந்தக் கோடு அலங்காரம் இல்லை. இந்த உயிரைத் திறந்து சொல் என்று வாசிப்பவருக்குச் சொல்கிறது, அவ்வளவுதான்.

வகுப்பறைகளில் இதற்கு ஒரு படம் வரைவார்கள். ஒருமை மூன்றையும் இடப்பக்கம் மேலிருந்து கீழாகவும், பன்மை மூன்றையும் வலப்பக்கம் அதேபோலவும் எழுதி, உருமாறிய நான்கு கட்டங்களையும் சுற்றிக் கோடு இழுத்தால் ஒரு பூட்ஸ் வடிவம் கிடைக்கும். இடப்பக்கம் மூன்றும் கால், வலப்பக்கம் கீழே இருக்கும் 'அவர்கள்' பாதம். பூட்ஸுக்கு வெளியே நிற்பவை 'நாம்', 'நீங்கள்'. கண்ணால் நினைவு வைப்பவர்களுக்கு இது உதவும். ஆனால் படம் எது மாறும் என்று மட்டும்தான் சொல்லும். ஏன் என்று அழுத்தம்தான் சொல்லும், அதனால் நான் அதையே நம்பச் சொல்வேன்.

அன்றாடம் தேவைப்படும் பல வினைகள் இந்த வகைதான். தூக்குவது 'லவே', நான் தூக்குகிறேன் 'ஜ லெவ்'. இதே வினையைத் தன்மேல் திருப்பினால் படுக்கையிலிருந்து எழுவது: 'ஜ ம லெவ்'. எடை போடுவது 'பஸே', அவன் எடை போடுகிறான் 'இல் பெஸ்'. உலாவுவது 'ஸ ப்ரொம்னே', நான் உலாவுகிறேன் 'ஜ ம ப்ரொமென்'. உறைவது 'ஜலே', பாரிஸில் குளிர்காலக் காலையில் வெளியே நீர் உறையும் அளவுக்குக் குளிர்ந்தால் 'இல் ஜெல்' என்பார்கள்.

ஒரே ஒலி, இரண்டு எழுத்துமுறை

இப்போது முதல் வகுப்புக் கேள்விக்குத் திரும்பலாம். 'அப்லே' ஏன் 'அபெல்' ஆகிறது என்பது இனி தெரிந்ததுதான், 'அஷ்தே' 'அஷெத்' ஆனதற்கான அதே காரணம். ஒலியளவில் எந்த வேறுபாடும் இல்லை. எழுத்தில்தான் பிரெஞ்சு இங்கே வேறு வழியில் போகிறது. தலையில் கோடு போடுவதற்குப் பதிலாக அடுத்து வரும் மெய்யை இரட்டிப்பாக்குகிறார்கள். பிரெஞ்சு எழுத்துமுறையில் ஈ எழுத்துக்குப் பின்னால் இரட்டை மெய் வந்தால் அதைத் திறந்த 'எ' என்றுதான் பொதுவாகப் படிப்பார்கள். அதனால் கோடு தேவைப்படுவதில்லை. எறிவதற்கான 'ஜதே' என்ற சொல்லும் இப்படித்தான்: நான் எறிகிறேன் 'ஜ ஜெத்', எழுதும்போது டி இரண்டு.

அப்படியென்றால் எதற்குக் கோடு, எதற்கு இரட்டிப்பு? பழைய வழக்கில் இதற்குச் சீரான பதில் கிடையாது. வினையடி எல் அல்லது டி எழுத்தில் முடியும் இந்த வகை வினைகளில் பல இரட்டிக்கும், வாங்குவது, உறைவது போன்ற ஒரு பட்டியல் மட்டும் கோடு வாங்கும். பிரெஞ்சுக்காரர்களே அகராதியைத் திறந்து பார்க்கும் இடம் இது. 1990 டிசம்பர் 6 அன்று பிரெஞ்சு அரசிதழில் வெளியான எழுத்துச் சீர்திருத்தம் இதைச் சுருக்கியது. கூப்பிடுவது, எறிவது ஆகிய இரண்டு வினைகளும் அவற்றிலிருந்து பிறந்தவையும் பழையபடி மெய்யை இரட்டிக்கலாம்; இந்த வகையின் மற்ற வினைகள் கோடு போட்டுக்கொள்ளலாம் என்றது. எழுத்துக்கூட்டிச் சொல்வதற்கான 'ஏப்லே', புதுப்பிப்பதற்கான 'ரனூவ்லே' போன்றவை பழைய முறையில் இரட்டை எல், புதிய முறையில் கோடு. இரண்டும் சரியென்றே ஏற்கப்படுகின்றன. பழைய எழுத்தைக் கைவிடாதவர்கள் இன்றும் ஏராளம். எனவே புத்தகத்துக்குப் புத்தகம் வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம். தொடக்கநிலையில் இருப்பவர் இரண்டு வினைகளுக்கு மட்டும் இரட்டிப்பை நினைவில் வைத்தால் போதும்.

பாரிஸின் லா ஷாப்பெல் பகுதிக்குப் போனால், அங்கே வேலை செய்யும் நம்மவர்களில் பலர் பிரெஞ்சை முதலில் காதால்தான் கற்றிருப்பார்கள். அவர்களுக்கு இந்த வேறுபாடு பேச்சில் ஒரு தடையே அல்ல. 'ஜஷெத்', 'ஜபெல்' என்று சரியாகவே வரும், ஏனென்றால் கேட்டது அப்படி. படிவம் நிரப்பும்போதுதான் கோடா, இரட்டிப்பா என்ற கேள்வி வரும். புத்தகத்திலிருந்து கற்பவருக்கு நிலைமை தலைகீழ். எழுத்து சரியாக இருக்கும்; வாய், மூல வடிவத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஏறும் கோடு, சரியும் கோடு

இன்னொரு கூட்டத்தில் வினையடியின் கடைசி உயிர் மெலிந்தது இல்லை. அது மூடிய 'ஏ', எழுத்தில் தலைக்கு மேலே வலப்பக்கம் ஏறும் கோடு போட்ட ஈ. அந்தக் கோட்டின் பெயர் 'அக்சான் எகு'. 'இதைவிட அது பிடிக்கும்' என்ற பொருளுள்ள 'ப்ரேஃபேரே' இந்தக் கூட்டத்தில் பிரபலமானது.

இங்கே மெலிவு சிக்கல் இல்லை, வேறொரு சிக்கல். பிரெஞ்சின் பொதுவான உச்சரிப்பில், மெய்யொலியில் முடியும் கடைசி அசைக்குள் மூடிய 'ஏ' நிற்காது, திறந்த 'எ' ஆகிவிடும். 'நூ ப்ரேஃபேரோன்' என்று சொல்லும்போது 'ஃபே' தனி அசை, அதில் 'ஏ' நிம்மதியாக இருக்கலாம். 'ஜ ப்ரேஃபெர்' என்னும்போது விகுதி மௌனம், 'ஃபெர்' என்று மெய்யில் மூடிய அசையே கடைசி. எனவே ஏறும் கோடு சரியும் கோடாக மாறுகிறது. பூட்ஸ் வடிவம் அதேதான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த வினையடியில் 'ஏ' இரண்டு இருக்கின்றன. மாறுவது கடைசியாக இருப்பது மட்டும், முதலாவது அப்படியே இருக்கும். அழுத்தம் கடைசி அசையில் என்பதால் இதில் வியப்பில்லை. திரும்பச் சொல்வது 'ரேபேதே', நான் திரும்பச் சொல்கிறேன் 'ஜ ரேபெத்'. நல்லது நடக்கும் என்று எதிர்பார்ப்பது 'எஸ்பேரே', 'ஜெஸ்பெர்'.

ஒய் எழுத்து ஐ ஆவது

அனுப்புவது 'ஆன்வ்வாயே'. நாம் அனுப்புகிறோம் 'நூஸ் ஆன்வ்வாயோன்'. நான் அனுப்புகிறேன் 'ஜான்வ்வா'. இந்த யகரம் எங்கே போனது? நமக்குப் பழகிய உடம்படுமெய் போலவே இதுவும் இரண்டு உயிர்களுக்கு நடுவில்தான் வாழ்கிறது. விகுதி ஒலித்தால் அடுத்து ஓர் உயிர் இருக்கிறது, யகரம் கேட்கிறது. விகுதி மௌனமானால் அடுத்து உயிரே இல்லை, யகரமும் போய்விடுகிறது. எழுத்தில் ஒய் இருந்த இடத்தில் ஐ வருகிறது. சுத்தம் செய்வதற்கான 'நெத்வாயே' இதே வழி: 'ஜ நெத்வா'. பணம் கட்டுவதற்கான 'பேயே' மட்டும் கொஞ்சம் தாராளம். 'ஜ பெ' என்றும் சொல்லலாம், யகரத்தை விடாமல் 'ஜ பெய்' என்றும் சொல்லலாம். எழுத்தும் அதற்கேற்ப இருவகை. இரண்டும் சரி.

எதெல்லாம் மாறாது

விதியைக் கற்ற உற்சாகத்தில் பார்க்கும் ஈ மேலெல்லாம் கோடு போட்டுவிடுவது உண்டு. தேடுவது 'ஷெர்ஷே', தங்குவது 'ரெஸ்தே', மூடுவது 'ஃபெர்மே'. இவற்றில் ஈ எழுத்துக்குப் பின்னால் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து நிற்கின்றன, ஆகவே அது ஏற்கெனவே திறந்த 'எ'. மூல வடிவத்திலேயே முழு உயிராக இருப்பதால் அழுத்தம் வந்தாலும் மாற வேண்டியதில்லை. கோடும் கிடையாது, இரட்டிப்பும் கிடையாது. உருவாக்குவதற்கான 'க்ரேயே' மாதிரி ஏறும் கோட்டு 'ஏ'வுக்குப் பின்னால் மெய்யே இல்லாமல் விகுதி வந்தாலும் மாறாது; அசை மெய்யில் மூடவில்லையே.

வேறொரு வகையையும் இதே அத்தியாயத்தில் சேர்த்துவிடுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. சாப்பிடுவது 'மான்ஜே', நாம் சாப்பிடுகிறோம் 'மான்ஜோன்'. எழுத்தில் ஜி என்ற எழுத்துக்கும் விகுதிக்கும் நடுவே ஓர் ஈ புதிதாக வரும். தொடங்குவது 'கொமான்ஸே', நாம் தொடங்குகிறோம் 'கொமான்ஸோன்'. இங்கே சி எழுத்துக்குக் கீழே செடில் என்ற சிறு வால் வரும். இந்த ஈயும் வாலும் இல்லாவிட்டால், ஓ என்ற எழுத்துக்கு முன்னால் ஜியைக் ககரமாகவும் சியைக் ககரமாகவும் படிக்க வேண்டிவரும். ஒலியைக் காப்பாற்றத்தான் எழுத்து மாறுகிறது. அதாவது இங்கே வினையடி உருமாறவே இல்லை. காதுக்கு ஆறு வடிவங்களிலும் அது ஒன்றேதான். மாற்றம் வருவதும் பூட்ஸுக்கு வெளியே, 'நாம்' வடிவத்தில். முந்தைய வகைகளோடு இதைக் கலந்து படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் படியுங்கள்.

மூத்த வினைகள்

பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் சில வினைகள் மேலே சொன்ன ஈ, ஆர் முடிவுக் கூட்டத்தில் இல்லை. அவற்றை 'ஒழுங்கற்றவை' என்று சொல்லி ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். ஆனால் அவற்றையும் அழுத்தத்தை நினைவில் வைத்துப் பாருங்கள்.

முடிவது (அதாவது இயலுவது): 'ஜ பெ', 'த்யூ பெ', 'இல் பெ', 'நூ பூவோன்', 'வூ பூவே', 'இல் பெவ்'. உதட்டைக் குவித்துச் சொல்லும் இந்த 'எ' பூட்ஸுக்குள், 'ஊ' வெளியே. விரும்புவதும் அப்படியே: 'ஜ வெ', 'நூ வூலோன்', 'இல் வெல்'. வருவது: 'ஜ வியான்', 'நூ வனோன்', 'வூ வனே', 'இல் வியென்'. குடிப்பது: 'ஜ ப்வா', 'நூ ப்யூவோன்', 'இல் ப்வாவ்'. கடமைப்பட்டிருப்பது: 'ஜ த்வா', 'நூ தவோன்', 'இல் த்வாவ்'. இவற்றில் 'அவர்கள்' வடிவத்தில் மட்டும் கடைசியில் ஒரு மெய் கூடுதலாகக் கேட்கும், ஒருமையில் அது உதிர்ந்துவிட்டது. ஆனால் உயிரொலியைப் பொறுத்தவரை, விகுதி ஒலிக்கும் இரண்டு வடிவங்கள் ஒருபக்கம், விகுதி மௌனமான நான்கு மறுபக்கம் என்ற பிரிவினை அச்சு மாறாமல் இருக்கிறது.

இது தற்செயல் இல்லை. லத்தீனில் 'அவன் வருகிறான்' என்பது 'வெனித்', அழுத்தம் வினையடியில். 'நாம் வருகிறோம்' என்பது 'வெனீமுஸ்', அழுத்தம் விகுதியில். லத்தீன் பிரெஞ்சாக மாறிய நூற்றாண்டுகளில் அழுத்தம் விழுந்த உயிர்கள் ஒரு திசையில் மாறின, அழுத்தமில்லாதவை வேறு திசையில் மாறின அல்லது தேய்ந்தன. அழுத்தமான எகரம் 'யெ' என்று பிளந்து 'வியென்' பக்கம் போனது, அழுத்தமற்றது 'வனோன்' என்று மெலிந்தது. ஸ்பானிஷும் இத்தாலியமும் அதே லத்தீனிலிருந்து வந்தவை என்பதால் அவற்றிலும் இதே மாதிரி வினைகள் இருக்கின்றன. 'அவன் வருகிறான்' என்பது ஸ்பானிஷிலும் இத்தாலியத்திலும் 'வியேனே'. ஆனால் 'நாம்' வடிவத்தில் அந்தப் பிளவு இல்லை.

பழைய பிரெஞ்சில் இந்த உருமாற்றம் இன்றைவிட எவ்வளவோ பரவலாக இருந்தது. நேசிப்பதற்கான இன்றைய 'எமே' அன்று நான்கு வடிவங்களில் 'எம்', இரண்டில் 'அம்' என்று மாறிக்கொண்டிருந்தது. அந்த அகரம் காதலனைக் குறிக்கும் 'அமான்' என்ற சொல்லில் இன்றும் உயிரோடு இருக்கிறது. கண்டுபிடிப்பதற்கான 'த்ரூவே' 'நான்' வடிவத்தில் 'த்ரெவ்' என்று இருந்தது; 17-ஆம் நூற்றாண்டு நாடகச் செய்யுள்களில்கூட அதைப் பார்க்கலாம். மேலே உருமாறாத வினைக்கு உதாரணமாகக் காட்டினேனே 'பார்லே', அதுவும் ஒருகாலத்தில் 'நான்' வடிவத்தில் 'பரோல்', 'நாம்' வடிவத்தில் 'பர்லோன்' என்று இரண்டு அடிகளோடு இருந்த வினைதான். காலப்போக்கில் மக்கள் ஏதோ ஓர் அடியை எல்லா வடிவங்களுக்கும் பொதுவாக்கிக்கொண்டார்கள். நேசிப்பதில் அழுத்தமான அடி வென்றது, பேசுவதிலும் கண்டுபிடிப்பதிலும் அழுத்தமற்றது வென்றது. வருவது, முடிவது, விரும்புவது, குடிப்பது ஆகியவற்றை மக்கள் நாள் முழுதும் சொல்லிக்கொண்டே இருந்ததால், அவற்றின் இரண்டு வடிவங்களும் நாவில் பதிந்து நிலைத்துவிட்டன. அடிக்கடி புழங்கும் சொற்களே ஒழுங்கற்றவையாக இருப்பது பல மொழிகளில் காணும் வழக்கம். தமிழில் 'வா' என்ற வினை 'வருகிறேன்', 'வந்தேன்' என்று அடி மாறுவதை நினைத்துப் பாருங்கள். ஆனால் நமக்கு அடி மாறுவது காலத்தைப் பொறுத்து. வருகிறேன், வருகிறோம், வருகிறார்கள் என்று ஆள் மாறினாலும் அடி அசையாது. பிரெஞ்சில் ஒரே காலத்துக்குள் ஆளைப் பொறுத்து மாறுகிறது. தமிழ் பேசுபவருக்கு இது அன்னியமாகத் தோன்றுவதற்கு அதுதான் காரணம்.

மற்ற காலங்களில்

காரணம் தெரிந்தால் நிகழ்காலத்துக்கு வெளியேயும் பெரும்பாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். கடந்தகாலத்தில் வழக்கமாக நடந்ததைச் சொல்லும் 'அன்பர்ஃபே' என்ற காலத்தில் ஆறு விகுதிகளுக்கும் ஒலி உண்டு. எனவே வினையடிக்கு அழுத்தம் வருவதே இல்லை, உருமாற்றமும் இல்லை: 'ஜஷ்தெ', 'நூஸ் அஷ்தியோன்', 'இல்ஸ் அஷ்தெ'. 'அவர்கள்' விகுதியின் கடைசியில் ஈ, என், டி இருப்பதைப் பார்த்து இதுவும் மௌனம் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு முன்னால் இருக்கும் 'எ' ஒலிக்கிறது. 'வாங்கினேன்' என்று முடிந்ததைச் சொல்லும் 'ஜே அஷ்தே' வடிவத்திலும் இறுதி 'ஏ' ஒலிப்பதால் மாற்றம் இல்லை.

எதிர்காலத்தில் நேர்மாறு. 'ஜஷெத்ரே', 'நூஸ் அஷெத்ரோன்' என்று ஆறிலும் உருமாறும். விகுதி ஒலிக்கிறதே, பிறகு ஏன்? இங்கே மெலிந்த ஈ எழுத்துகள் அடுத்தடுத்து இரண்டு வருகின்றன. பின்னது பேச்சில் விழுந்துவிட, முன்னது 'ஷெத்' என்று மெய்யில் மூடிய அசைக்குள் அகப்படுகிறது, அங்கே அது திறந்த 'எ' ஆகத்தான் இருக்க முடியும். 'ஜபெல்ரே' என்பதும் அதே. 'ப்ரேஃபேரே' கூட்டத்தில் பழைய எழுத்துமுறை எதிர்காலத்தில் ஏறும் கோட்டையே வைத்திருந்தது, மக்கள் திறந்த உயிராகவே பேசிவந்தார்கள். 1990-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அங்கேயும் சரியும் கோட்டை அனுமதித்தது. அனுப்புவதற்கான வினை எதிர்காலத்தில் முற்றிலும் வேறு பாதையில் 'ஜான்வெரே' என்று போகும், அதை மட்டும் மனப்பாடம் செய்துவிட வேண்டியதுதான்.

ஐயம், விருப்பம் போன்றவற்றோடு வரும் 'சுப்ஜோன்க்தீஃப்' வடிவத்தில் பழைய பூட்ஸ் திரும்பவும் தலைகாட்டும்: 'க ஜ வியென்', 'க நூ வனியோன்'. ஏவலிலும் அப்படியே: வாங்கு 'அஷெத்', வாங்குங்கள் 'அஷ்தே'.

எப்படிப் பழகுவது

அகராதி தருவது மூல வடிவத்தை. அதன் இறுதி 'ஏ' ஒலிப்பதால் வினையடி அங்கே எப்போதும் அழுத்தமில்லாத உருவில்தான் இருக்கும். அதிலிருந்து வெட்டி எடுத்தால் 'நாம்', 'நீங்கள்' சரியாக வரும், மற்ற நான்கும் தவறும். அதனால் புது வினை ஒன்றைக் குறித்துக்கொள்ளும்போது மூல வடிவத்தோடு 'நான்' வடிவத்தையும் சேர்த்து எழுதுங்கள்: 'அஷ்தே, ஜஷெத்'. 'லவே, ஜ லெவ்'. மூத்த வினைகளுக்கு 'நான்', 'நாம்', 'அவர்கள்' மூன்றையும் எழுதுங்கள்: 'ஜ ப்வா, நூ ப்யூவோன், இல் ப்வாவ்'. ஆறு வரி அட்டவணையை ஒப்பிப்பதைவிட இது வேகமாக வேலை செய்கிறது.

பேச்சுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அன்றாடப் பிரெஞ்சில் 'நூ' என்பதற்குப் பதிலாக 'ஓன்' என்ற சொல்லைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். பொருள் 'நாம்', ஆனால் வினை 'அவன்' வடிவத்தில் வரும். 'நூஸ் அஷ்தோன்' என்பதைப் புத்தகத்தில் அதிகம் பார்ப்பீர்கள், தெருவில் 'ஓன் அஷெத்' என்றுதான் காதில் விழும். அப்போது ஆறில் ஐந்து வடிவங்களுக்கு உருமாறிய அடியே போதும், பழைய அடி தேவைப்படுவது 'வூ' வரும்போது மட்டும். எனவே மூல வடிவத்தை இயல்பு என்றும் 'அஷெத்' என்பதை விலகல் என்றும் மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். 'அஷெத்', 'அபெல்', 'ப்ரேஃபெர்' என்று முதலில் வாய்க்குப் பழக்குங்கள். 'வூ' என்று மரியாதையாக யாரையாவது கேட்கும்போது அதை மெலிக்கப் பழகுங்கள்: கடைக்காரரிடம் 'வூ ப்ரேஃபேரே?', அவர் பதிலில் 'ஜ ப்ரேஃபெர்'. இரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் 'வூ' வடிவத்தில் கேட்க, மற்றவர் 'ஜ' வடிவத்தில் பதில் சொல்ல, இந்தக் கட்டுரையில் வந்த வினைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள்.